அப்பாடா, பையன்தானா!

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். “டேய், உடனே கெளம்பி வா. போன்ல சொல்ற விஷயம் இல்ல.”

நான்கு பேர் கூடினால் எனக்கு வாய் எழும்பாது. ஆனால் தாய்மாமன் ஆயிற்றே... போகாமல் இருக்க முடியுமா? மொரப்பூர் பக்கத்தில் இருக்கும் அவள் வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா மகள் நித்யாவின் காலேஜ் பை கட்டிலில் கவிழ்ந்து கிடந்தது. நோட்டுகளுக்கு நடுவே சின்னதாக ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். கஞ்சா!

“காலேஜ் போனது போதும். தை மாசத்துல முடிக்கிற மாதிரி நல்ல எடமா பாருங்க மாப்ள” என்றார் அக்கா வீட்டுக்காரர்.

நித்யா அழவில்லை. கடைசி வருஷம் படிக்கிறாள். “என்னுது இல்லன்னு எத்தனை தடவ சொல்றது? அண்ணனக் கேளுங்க” என்றாள்.

அண்ணன் என்றால் தினேஷ். தங்கை பத்திரமாகப் போய்வர வேண்டும் என்று, தினமும் அரூர் காலேஜுக்கு பைக்கில் கொண்டுபோய் விடும் வேலையை அவனுக்குத்தான் கொடுத்திருந்தார்கள்.

அவன் தரையைப் பார்த்தான். “என்னுதுதான்... வழியில போலீஸ் செக்கிங் இருந்துச்சு. பொம்பளப் புள்ள பைய தொறக்க மாட்டாங்கன்னு, அவளுக்குத் தெரியாம வெச்சேன். அப்புறம் எடுக்க மறந்துட்டேன்.”

அக்கா நெஞ்சில் கை வைத்தாள். “அப்பாடா... நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன்!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதற்கு இந்த அப்பாடா? வீட்டுக்குள் கஞ்சா வந்தது வந்ததுதானே?

“கூட்டாளிங்க சேர்க்கை. டேய், இனிமே தொட்ட... தோல உரிச்சுடுவேன்” என்றார் அவன் அப்பா. விசாரணை முடிந்தது. அக்கா டீ போடப் போய்விட்டாள்.

“அப்ப நாளைக்கு நான் காலேஜ் போலாமாப்பா?” என்றாள் நித்யா.

“பாக்கலாம்... வெளிய தெரிஞ்சா உன் பேருதான் கெடும்.”

“போலீஸ் என் பைய தொறந்திருந்தா உள்ள போயிருக்கறது யாருப்பா?”

அவளே தொடர்ந்தாள். “வண்டி ஓட்டறப்பவே அவன் கண்ணு செவந்து கெடக்கு. கை நடுங்குது. என்னையத் திட்னது போதும், அவன யாராவது பாருங்க. நான் இனிமே பஸ்ல போயிக்கறேன்.”

“புள்ள சொல்றது சரிதானுங்க மாமா” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனாலும் அவர் தலையாட்டினார்.

அன்றிலிருந்து மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. பெண் தொட்டால் குடும்ப மானம், பையன் தொட்டால் வயசுக் கோளாறு... இப்படித்தானே வளர்க்கிறோம்? அவளுக்கு எதைக் கண்டாலும் பயம், அவனுக்கு எதைக் கண்டாலும் விளையாட்டு. இரண்டுமே நாம் ஊட்டிவிட்டதுதான். மகளின் பையை மாதாமாதம் சோதிக்கிற நாம், மகனின் சட்டைப் பையில் என்றாவது கைவிட்டிருக்கிறோமா?

நேற்று அக்காவிடம் மறுபடியும் சொல்லிப் பார்த்தேன். “அவன ஒரு டாக்டர்கிட்ட காட்டலாம்க்கா.”

“சும்மா இருடா! நாளைக்கு அவனுக்குப் பொண்ணு பாக்க வேணாமா?” என்று போனை வைத்துவிட்டாள்.

நித்யா காலேஜ் போகிறாள். அவளை பஸ் ஏற்றிவிட அவள் அப்பா தினமும் ஸ்டாப்பில் நிற்கிறார். தினேஷை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக... அந்த வீட்டில் இன்னும் ஒருவரும் செருப்பு மாட்டவில்லை.