கோலியக்கா

கைப்பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துக் கூடத்தின் நடுவில் வைக்கிறார். இரண்டடி பின்னால் நகர்ந்து கைகட்டி நிற்கிறார். வீடு பார்க்க வந்தவர்களும் என்ன ஏதென்று புரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். குண்டு அசையாமல் இருந்தால், "பாஸு!" என்கிறார். உருண்டால், "பாத்தீங்கல்ல, ராத்திரி நடுவுல படுத்தா காலையில சுவரோரம்தான் எந்திரிப்பீங்க" என்கிறார். வீட்டுக்காரர் முறைப்பதை அவர் கண்டுகொள்வதே இல்லை.

அவர் வீட்டுத் தரகர். கோலியக்கா என்றால்தான் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மற்ற தரகர்கள் ஜன்னலைத் திறந்து காற்றைக் காட்டுவார்கள். இவர் நேரே குளியலறைக்குப் போய் எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்துவிடுவார். சுவரில் தொங்கும் காலண்டரைத் தூக்கிப் பின்னால் பார்ப்பார். "இவ்ளோ கீழ மாட்டியிருக்காங்கன்னா பின்னாடி ஏதோ கதை இருக்கு." பெரும்பாலும் ஒரு கை அகலத்துக்கு ஈரம் இருக்கும். பால்கனியில் மட்டும் கணக்கு தலைகீழ். அங்கே குண்டு உருண்டே ஆக வேண்டும், அதுவும் தண்ணீர் வெளியேறும் துளையைப் பார்த்து. "இல்லேன்னா மழை உங்க வீட்டுக்குள்ள குடி வந்துரும். வாடகையும் தராது."

குடிபோகிறவர்கள் இவரைத் தேடி வருவார்கள். வீட்டுக்காரர்கள் இவரைக் கண்டால் கதவைச் சாத்துவார்கள். அதனால் பதினோரு வருடமாக ஒரு ஸ்கூட்டர் சீட்தான் அவருடைய அலுவலகம். "எனக்கும் ஆசை இல்லாமலா தம்பி? சுத்துற நாற்காலி, ஒரு மேசை, அதுமேல என் பேர் போட்ட பலகை. வெயில்ல நின்னு நின்னு ஹெல்மெட்டே வெளுத்துப்போச்சு."

அந்த நாற்காலி போன மாதம் கிடைத்தது. புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளை விற்கும் நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஒரு மாதம் சோதனை. அதற்குள் ஒரு வீடாவது விற்றால் வேலை நிரந்தரம். "இந்த விளையாட்டுச் சாமானெல்லாம் இங்க வேணாம் மேடம்" என்று மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். அக்கா மறுபேச்சில்லாமல் குண்டை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். சாம்பல் நிறக் கோட்டு ஒன்றும் கொடுத்தார்கள். அதைப் போட்டதும் நடையே மாறிவிட்டது. தெருவில் என்னைப் பார்த்து, "எப்பிடி?" என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. பள்ளியை முடித்துவிட்டு நிற்கும் என்னிடம் ஆளாளுக்கு "பொழைக்கிற வழியப் பாரு" என்று சொல்லும் நாட்கள் இவை. அக்கா அந்த வழியைப் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஆனால் ஒரு வீடும் விற்கவில்லை. "சூப்பர் வீடுன்னு சொல்ல வாயெடுத்தாலே இருமல் வந்துருதுடா" என்றார்.

சோதனை மாதத்தின் கடைசி நாள் என் அண்ணனும் அண்ணியும் அங்கே வீடு பார்க்கப் போனார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். வீட்டைக் காட்ட வந்த அக்காவோடு மேலாளரும் வந்தார். ஐந்தாவது மாடி. பால்கனியைப் பார்த்ததும் அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. கைப்பையைப் பால்கனிக் கதவோரம் தரையில் வைத்துவிட்டு ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க ரெண்டு நாற்காலி போட்டாப் போதும், எனக்கு வேற எதுவுமே வேணாம். நீங்க சரின்னா இன்னைக்கே முடிச்சிரலாம்க்கா. எங்க உங்க கோலி?"

"புது வீட்டுக்கு எதுக்குங்க அதெல்லாம்?" மேலாளர் முந்திக்கொண்டார். "மேடமே சொல்லுவாங்க. சொல்லுங்க மேடம்."

அக்கா தரையைப் பார்த்தார். கோட்டுப் பொத்தானைத் திருகினார். "வெளிச்சம் நல்லா வருது" என்றார். அது உண்மை. "காத்தும் வருது." அதுவும் உண்மை. மேலாளர் தலையாட்டினார்.

"அப்புறம்?" என்றான் அண்ணன்.

வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்காக நிறுவனம் வாங்கி வைத்திருந்த தண்ணீர் பாட்டில் ஒன்று அக்காவின் கையில் இருந்தது. மூடியைத் திறந்தார். குடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அப்படியே பால்கனித் தரையில் கவிழ்த்தார்.

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று எல்லோரும் குனிந்து பார்த்தோம். அக்கா பார்க்கவில்லை. கதவோரம் போய், தண்ணீர் வந்து சேர்வதற்குள் அண்ணியின் கைப்பையைத் தரையிலிருந்து தூக்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.