அமிர்தவள்ளியின் எண்பது நாள்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் மெஷினில் தோல் தைத்தே மகன் கோபியை பி.எஸ்சி. வேதியியல் படிக்க வைத்தவர் அமிர்தவள்ளி. அந்தத் தெருவின் முதல் பட்டதாரி அவன். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவன் கையில்தான் கொடுப்பார்.

தைராய்டுக் கட்டியை எடுத்த பிறகு வேலூரில் அவருக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். கர்ப்பிணிகளிடமிருந்து இரண்டு வாரம் தள்ளியிருக்கச் சொல்லி ஒரு தாளும் கொடுத்தார்கள். கோபியின் மனைவி அம்பிகாவுக்கு அப்போது ஆறாம் மாசம்.

"இன்னாடா, அயோடின்னா உப்புல போடறதுதானே?"

"அதேதாம்மா. ஆனா இதுல அணுக்கருவுக்குள்ள நாலு நியூட்ரான் ஜாஸ்தி. நிலையா நிக்காது, கதிர் வீசிக்கினே இருக்கும். எட்டு நாள்ல பாதிதான் கொறையும், அடுத்த எட்டு நாள்ல மீதியில பாதி. ரெண்டு வாரம்லாம் பத்தாது."

பத்து தடவை பாதியானால்தான் பயமில்லை என்று அவனே முடிவு கட்டினான். எண்பது நாள். பின்பக்க அறை, தனித் தட்டு, தனி டம்ளர். அமிர்தவள்ளி அந்த டம்ளரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"எங்கப்பா பச்சைத்தோல் வண்டி ஓட்டினப்ப டீக்கடையில அவருக்கு இப்படித்தான் தனி டம்ளர் வெப்பாங்க."

"ஐயோ, இது சயின்ஸும்மா!"

முப்பத்திரண்டாம் நாள் வளைகாப்பு. முதல் வளையலை மாமியார்தான் போட வேண்டும் என்பது வழக்கம். அமிர்தவள்ளி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அறை வாசலிலேயே நின்றார். "இன்னா சம்பந்தி, மருமகமேல கோவமா?" என்று குடியாத்தத்திலிருந்து வந்த அம்பிகாவின் அம்மா சாவித்திரி சீண்டினார். முதல் வளையலை வேறு யாரோ போட்டார்கள். அம்பிகா திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே தாய்வீட்டு வேனில் ஏறினாள்.

நாற்பத்தைந்தாம் நாள் அமிர்தவள்ளியை வேலூருக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது, டாக்டர் உமைமாவிடம் கோபி தன் எண்பது நாளைப் பெருமையாகச் சொன்னான். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உடம்பு என்ன மூடி வெச்ச பாட்டிலாங்க? பெரும்பகுதி ரெண்டு மூணு நாள்லயே சிறுநீர்ல போய்டும். அதையும் சேர்த்துத்தான் ரெண்டு வாரம்னு எழுதினோம். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே?"

பஸ் ஸ்டாண்டில் கோபி அம்மா பக்கம் திரும்பினான். "உனக்கு சந்தேகமே வரலியாம்மா?"

"தாளை நானும் படிச்சேன்டா. நீ காலேஜ் படிச்சவனாச்சே, உன்னைவிட தாளுக்கா தெரியும்னு இருந்துட்டேன்."

குடியாத்தம் பஸ் வந்து நின்றது. "இரும்மா, வளையல் வாங்கியாறேன். இன்னைக்கே போய் நீ போட்டு வுடு."

அமிர்தவள்ளி அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இப்ப போட்டா அது வெறும் வளையல்டா. அந்தப் புள்ளைக்குக் கமலாப்பழம் வாங்கினு வா."