பீரோவுக்குள் வைத்த வைஃபை

ஆம்பூரில் எங்கள் வீடு, நடுவே சுவர் எழுப்பி இரண்டாக்கப்பட்ட வீடு. ஒரு பாதியில் நாங்கள், மறுபாதியில் சித்தப்பா குடும்பம். சுவர் எழுப்பிய அன்று நடந்த சண்டைக்குப் பிறகு இரண்டு வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. "அந்த ஊட்டுத் தண்ணிகூட இந்த வாசப்படி தாண்டக் கூடாது" என்று அப்பா சொல்லியிருந்தார். நான் அந்தச் சொல்லை மீறவில்லை. சித்தப்பா வீட்டு வைஃபை சுவர் வழியாகத்தான் வந்தது.

சித்தி, தன் மகனைக் கொண்டு பாஸ்வேர்டை ஊதுவத்தி அட்டையில் எழுதவைத்து, குழாயடியில் என் குடத்துக்குள் போட்டிருந்தாள். அப்பா வேலை செய்த, தோல் பதனிடும் டேனரியின் ஆபீசில் வேண்டாமென்று ஒதுக்கிய மடிக்கணினி ஒன்று என்னிடம் இருந்தது. அதில் நான் படிப்பதைப் பார்க்க அப்பாவுக்குப் பிடிக்கும். இன்டர்நெட் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டதில்லை. மின்சாரம்போல அதுவும் தானாக வரும் என்று நினைத்திருப்பார்.

எட்டாவது முடித்திருந்தேன். வெளியூரில் விடுதியோடு கூடிய பள்ளி ஒன்றின் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்று கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிரவுசிங் சென்டர் திறக்கவில்லை. எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, புகைப்படத்தை ஏற்றும்போது நான்கு மணிக்கு நெட் செத்துப்போனது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சுவர் நெடுகத் தேய்த்தபடி நடந்தேன். ஒரு கோடுகூட வரவில்லை. சித்தி வேண்டுமென்றே நிறுத்திவிட்டாள் என்று முடிவுகட்டினேன்.

அப்பா காலில் டேனரித் தண்ணீர் பட்ட புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். "இன்னா பாப்பா, போய்டுச்சா?"

"போவல. நெட்டு கட்டாய்டுச்சு."

"எங்கேர்ந்து வருது அது?"

ஷூ மேல்தோல் தைத்துக்கொண்டிருந்த அம்மாவின் ஊசி நின்றது. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் மணி நான்கு பத்து.

"சித்தப்பா ஊட்லேர்ந்து."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "எத்தினி நாளா?"

"ரெண்டு மாசமா" என்றாள் அம்மா.

அவர் மருந்து டப்பாவை மூடிவிட்டு எழுந்தார். "இன்னிக்கி சண்ட வேணாம்யா" என்ற அம்மாவின் குரல் அவர் முதுகுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. நான் பின்னாலேயே ஓடினேன்.

சித்தப்பா தூக்கக் கண்ணோடு கதவைத் திறந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்பா கதவு நிலையிடம் பேசினார். "பாப்பா அஞ்சு மணிக்குள்ள ஒண்ணு அனுப்பணுமாம். உங்க ஊட்டு நெட்டு வரலியாம்."

எங்கள் நெட் உங்களுக்கு எப்படி வரும் என்று சித்தப்பா கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. மேசைக்குப் போய்ப் பார்த்தார். வைஃபை பெட்டி அங்கே இல்லை. நாலு மணிக்குத்தான் குடியாத்தத்திலிருக்கும் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறியிருந்த சித்திக்குப் போன் போட்டார். அவள் குரல் வாசல்வரை கேட்டது.

"பீரோல கீது! மேசமேல வெச்சா கரண்டு வேஸ்ட்டுன்னு நீதான் அமத்திடுவியே. இன்னிக்கி பாப்பாவுக்குக் கடைசி நாளு. எரியவுட்டுத்தான் பூட்டினேன்."

"சாவி?"

"என் இடுப்புல."

நகை, ரேஷன் அட்டை, வீட்டுப் பத்திரம் என்று காப்பாற்ற வேண்டியது எதுவானாலும் எங்கள் வீடுகளில் பீரோவுக்குள்தான் போகும். கதவிடுக்கு வழியே ஒயர்களை விட்டுவிட்டு, சித்தி எனக்காக அந்தப் பெட்டியைப் பத்திரமாக வைத்திருந்தாள். "இரும்புக்குள்ள வெச்சா சிக்னல் வராது சித்தப்பா" என்றேன், அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் என்ற கர்வத்தோடு.

சித்தப்பா தோல் வெட்டும் கத்தியை எடுத்துவந்து பூட்டில் வைத்தார்.

"அது ஒடிஞ்சிடும். ஸ்க்ரூடிரைவர் எடு" என்றார் அப்பா வாசலிலிருந்து. பிறகு உள்ளே வந்தார்.

"நீ கதவப் புடி, நான் நெம்புறேன்" என்றார் சித்தப்பா.

"உனக்கு நெம்பத் தெரியுமாடா? சைக்கிள் பூட்டுக்குள்ள சாவிய ஒடச்சவன்தான நீ."

"அத ஒடச்சது நீதாண்ணா. அடி வாங்குனதுதான் நானு."

"ரெண்டு பேருந்தான் வாங்குனோம்."

"உனக்குக் கம்மி. எனக்குத்தான் ஜாஸ்தி."

நாலு முப்பத்தைந்து. இவர்கள் சைக்கிளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்களே என்று எனக்கு அழுகை வந்தது. "மணி ஆவுது!" என்று கத்தினேன்.

"இரும்மா!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

டொக்கென்று கதவு திறந்தது. சித்தியின் கல்யாணப் புடவைமேல் பெட்டி பச்சை விளக்கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஓடினேன். ஐந்தாக எட்டு நிமிடம் இருக்கும்போது விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் வந்தது. எங்கள் குடும்பத்திலேயே எட்டாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அதைப் பார்த்துக் கத்திக் கொண்டாட அப்பா பக்கத்தில் இல்லை. பீரோ பூட்டைத் திரும்ப மாட்டுகிறார்களாம்.

ஆறு மணி ஆனது. ஆறரை ஆனது. நாலு ஸ்க்ரூவுக்கு இவ்வளவு நேரமா என்று அம்மாவிடம் சிடுசிடுத்தேன். அவள் இரண்டு டம்ளரில் டீ ஊற்றினாள்.

"குடுத்துட்டு உடனே வந்துடு. அங்க நிக்காத."

சாதித்தவளை டீ தூக்க வைக்கிறார்களே என்று எனக்குக் கோபம். ஏன் அங்கே நிற்கக் கூடாது என்பது மட்டும் புரியவில்லை.