பவுடர் பஞ்சு விற்ற காலம்

டக். அவ்வளவுதான் சத்தம். கைப்பையிலிருந்து எடுத்த பவுடர் டப்பாவை ஒரு பெண் ஒற்றைக் கையால் மூடும்போது வருவது. எண்பதுகளில், ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற முக்கில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் நான் நின்றபோது நாள் முழுக்கக் கேட்டது. இன்றும் பக்கத்தில் யாராவது பேனாவை மூடினால் திரும்பிப் பார்க்கிறேன்.

அந்த வியாபாரத்தில் ஒரே ஒரு விதிதான்: கண்ணாடி வைத்த டப்பா தொலையாது, உள்ளே இருக்கும் பஞ்சுதான் தொலையும். அதனால் பஞ்சைத் தனியாக விற்றோம். வட்டமாக, சாட்டின் நாடா வைத்தது ஒன்று. சதுர ஸ்பாஞ்ச் ஒன்று. பி.ஏ. படித்துவிட்டு இவற்றைத்தான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடையில் நின்று பிழைத்தவர்களுக்குத் தெரியும், ஸ்டூல் இருக்கும், உட்கார விடமாட்டார்கள். எனக்கு உட்காரவும் பிடிக்கவில்லை. சேலம் பஸ் ஹாரன் அடித்தால் கால் தானாக வாசலுக்குப் போகும். எங்கும் போகப்போவதில்லை என்று தெரிந்தேதான் போகும்.

மலையேறிய முகங்கள்

அடிவாரத்தில் பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிற பெண்கள், கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி எங்கள் ஊரில் இறங்கும்போது வேறு ஆளாக இருப்பார்கள். கையில் கசக்கிய எலுமிச்சம்பழம், தோளில் ஈரத் துண்டு. ஏரியைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் கடைக் கண்ணாடியைப் பார்ப்பார்கள். கணவர்கள் வெளியே நின்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் ஒரு அம்மாள் கைப்பையைக் கவுன்ட்டரில் கவிழ்த்துத் தேடினார். சீப்பு, திருநீற்றுப் பொட்டலம், டப்பா எல்லாம் வந்தன, பஞ்சைக் காணோம். புதிதாக ஒன்றை எடுத்து நீட்டினேன். வாங்கிக் கன்னத்தில் ஒற்றியபடி சொன்னார்: "டப்பா பத்திரமா இருக்குதுங்க, மூஞ்சிதான் மூணாவது வளைவுலயே போயிருச்சு."

நூலில் கட்டிய பஞ்சு

போட்டுப் பார்க்க ஒரு டப்பாவைத் திறந்து வைத்திருந்தோம். அதன் பஞ்சை முதலாளி நூலால் கவுன்ட்டர் ஆணியில் கட்டியிருந்தார். பக்கத்தில் போட்டோ ஸ்டுடியோ. படம் எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும், ஜீப் டிரைவர்கள் உட்பட, எங்கள் பஞ்சில் முகத்தை ஒற்றிக்கொண்டுதான் போவார்கள். மூடுபனி நாட்களில் ஈரக் கன்னங்கள் பட்டுப் பட்டுப் பவுடர் இறுகி ஓடுபோல் ஆகிவிடும். நான் பின்னூசியால் சுரண்டிக்கொண்டிருப்பேன்.

இவ்வளவு பேர் ஓசியில் பூசுகிறார்களே என்று முதலாளி நூலைக் குட்டையாக்கினார். மறுநாள் உயரமான டிரைவர் ஒருவர் கவுன்ட்டர் மேல் மடங்கிக் கிடந்தபடி முறையிட்டார்: "ஏனுங்க, ஒரு சாண் நூல் சேத்து உடப்படாதுங்களா? போட்டோவுல கழுத்து கோணிக்கிட்டே வருதுங்க."

பத்மாவின் கன்னம்

பத்மா ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷனில் இருந்தாள். பக்கத்து ஊரான வெள்ளக்கடைப் பெண். மற்றவர்கள் ஒரு பஞ்சை ஒரு வருடம் வைத்துக்கொள்வார்கள். அவள் அடிக்கடி வாங்குவாள். வாங்குவதும் எப்போதும் இருப்பதிலேயே வெளுத்த பவுடர். மாநிறத்துக்கு இது எதற்கு என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு இளக்காரம்.

ஒரு காலையில் கடை திறந்ததும் வந்து, என்னை வெளிச்சத்துக்கு இழுத்துப் போய், கோடு தெரிகிறதா பார்க்கச் சொன்னாள். உற்றுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. காதோரம் தொடங்கித் தாடைவரை வெள்ளைப் படை. கையிலும் உண்டாம், அதற்குத்தான் வெயிலிலும் விரல்வரை இழுத்துவிட்ட ஸ்வெட்டர். வீட்டில் அண்ணி இவளுக்குத் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்துவிட்டாள். ஹோட்டலில் இவளுக்கென்று ஒரு அறை கொடுத்திருந்தார்கள். வேலை போனால் அறை போகும், அந்தத் தனித் தட்டுக்குத்தான் திரும்பவேண்டும். இதை இந்தப் பவுடர் மறைக்காதே என்றேன். டப்பாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். "இத மறைக்கறதுக்கு இல்லீங்க அக்கா. மத்ததை இதோட சேர்க்கறதுக்கு."

மேனேஜர் வீட்டு அம்மாள்

பத்மா ஹோட்டல் டூட்டிக்குப் போகிற அவசரத்தில் ஒரு நாள் தன் பஞ்சை மறந்துவிட்டு, கடைப் பஞ்சை எடுத்துவிட்டாள். பாதி முகம்தான் பூசியிருந்தாள், மறு பாதியில் கோடு அப்படியே தெரிந்தது. வாசலில் வந்து நின்றது அவளுடைய மேனேஜரின் மனைவி. அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. புடவைத் தலைப்பால் தன் கன்னத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டார். போன வாரம் அவரும் அதே பஞ்சைத் தொட்டிருந்தார். இது ஒட்டாது என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

முதலாளி நூலை அறுத்துப் பஞ்சைக் குச்சியால் தள்ளிக் குப்பையில் போட்டார். இனி அவளை உள்ளே விடவேண்டாம் என்று என்னிடம் சொன்னார், அவள் நிற்கும்போதே. நான் பஞ்சுப் பெட்டியை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். பத்மா மீதிப் பாதி முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். இறங்கும்போது முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்: "அந்த நூலை எனக்குக் குடுங்க, என் பஞ்சைக் கட்டி வச்சுக்கறேன். மறந்தாத்தானே இவ்வளவு வம்பு."

சீசன் முடியும் வரை

மேனேஜர் மறுநாளே பத்மாவைக் கூப்பிட்டார். மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் வரத் தொடங்கிய நேரம். போன் எடுக்க வேறு ஆள் இல்லை. சீசன் முடியும் வரை இரு, பிறகு பார்க்கலாம் என்றார். அந்த 'பிறகு' அவளைத் தூங்கவிடவில்லை. கடைக்குள் வரமாட்டாள்; வெளியே நிற்பாள், நான் பஞ்சைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போவேன். சீசன் முடிந்தது. பழனியப்பன் என்று ஒரு பையனைக் கொண்டுவந்து அவள் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மெட்ராஸ்காரர்கள் இங்கிலீஷில் பேசியதும் பையன் போனைக் கீழே வைத்துவிட்டான். இன்னொரு சீசன் வரை இரு என்றார் மேனேஜர். அப்படியே சீசன்கள் போயின. கோடும் நகர்ந்துகொண்டே இருந்தது. மூக்கைத் தாண்டியது, நெற்றியில் ஏறியது. மாதா மாதம் அவள் பூசவேண்டிய இடம் சுருங்கியது.

பிறகு ஒரு நாள், முதலாளி சேலத்துக்குச் சரக்கெடுக்கப் போயிருந்தபோது, அவள் நேராகக் கவுன்ட்டருக்கே வந்தாள். முகம் முழுக்க ஒரே நிறம். முதல் நாள் அறை எடுக்க வந்த ஒரு அம்மாள், என்ன பவுடர் போடுகிறாய் என்று ஆசையாகக் கேட்டாராம். நான் பழக்கத்தில் பஞ்சுப் பெட்டியைத் திறந்தேன். அவள் அதை மெதுவாக மூடினாள். "வேண்டாங்க அக்கா. இனிமே சேர்க்கறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்லீங்க."

அந்த ஹோட்டல் கைமாறும் வரை பத்மா அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் கடைக்குத்தான் ஒரு நல்ல வாடிக்கை போயிற்று.