ஒரு சட்டிக்கான இடம்

தன்னைக் கேலி செய்தவன் ஒப்படைத்த பொருளுக்கு ஒருவர் எவ்வளவு தூரம் கடமைப்பட்டவர்? ஜப்பானின் ஓமியாவில் போன்சாய் என்னும் குட்டைச் சட்டிமரங்களை வளர்த்த தொகியே என்ற பெண்ணின் வாழ்க்கை இந்தக் கேள்வியை எழுப்பியது.

அந்த ஜனவரியில் கடும் உறைபனி வருமென்று வானொலி சொன்னது. பைன்கள் வெளியிலேயே தாங்கும், மாதுளை தாங்காது. வீட்டுக்குள் வைத்தால் அடுப்புச் சூட்டில் மரத்தின் குளிர்காலத் தூக்கம் கலைந்து துளிர்த்துக் கெடும். குளிர்காப்புக் கொட்டகையில் ஒரு சட்டிக்குத்தான் இடமிருந்தது. வெளியே இரண்டு மாதுளைகள். ஒன்று அவள் முப்பது ஆண்டுகள் வளர்த்தது. மற்றது, பார்த்துக்கொள்ளச் சொல்லி அவளிடம் ஒப்படைத்துவிட்டு வெளியூர் போயிருந்த பக்கத்து வீட்டு ஹிராய்வாவுடையது.

"அக்கா, உன் மரத்தை அடி பெருத்த முள்ளங்கின்னு கிண்டலடிச்சவன் அவன். அவனோடது கெடக்கட்டும்," என்றான் தம்பி யசுஜி.

"பேசுற நேரத்துல கதவைத் திறடா, கை விறைக்குது."

ஹிராய்வாவின் சட்டியை உள்ளே வைத்தாள். தன்னுடையதற்கு வைக்கோல் சுற்றி வெளியே விட்டாள். ஏன் என்று கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.