ஏழு தட்டல், ஆறு ஊசி

2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். மாடித் தொட்டிக்கு மோட்டார் போட்டு, பதினெட்டு நிமிடத்தில் நிறுத்தினேன். ஏழேகாலுக்கு நானும் மனைவியும் சித்தூரிலிருந்து திருப்பதி பஸ் ஏறினோம்.

டிராக்டர் உதிரிபாகக் கிடங்கில் இருப்புப் பார்ப்பவன் நான். நான்கு மாதமாக வலது தோள்பட்டையில் வலி. மேல்தட்டுப் பெட்டியை இறக்க முடியவில்லை. மாத்திரையும் ஒத்தடமும் பலிக்காததால், திருப்பதியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் போய்க்கொண்டிருந்தேன். இறுகிப்போன தசை முடிச்சில் மெல்லிய ஊசியை இறக்கி எடுப்பதாக அன்றைக்கு ஏற்பாடு. மருந்து எதுவும் இல்லை, வெறும் ஊசிதான்.

குப்புறப் படுத்தேன். முகம் கட்டிலின் துளைக்குள் இருந்ததால் தரை மட்டும்தான் தெரிந்தது.

"பயப்படகண்டி சார், பயப்படாதீங்க, மூச்சு நல்லா விடுங்க," என்றார் அந்த அம்மா, தெலுங்கும் தமிழும் கலந்து.

சின்ன பிளாஸ்டிக் குழாயைத் தோலில் வைத்து, அதற்குள் இருக்கும் ஊசியை விரலால் ஒரு தட்டு தட்டுவார். தசை வெடுக்கென்று துள்ளும். பிறகு ஊசியை உருவி டப்பாவில் போடுவார். டொக் என்று ஒலி கேட்கும். கண்ணுக்கு வேலையில்லாததால் காது எண்ணத் தொடங்கியது. உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை. இருபத்தாறு வருடப் பழக்கம்.

திரும்பும் பஸ்ஸில் சட்டைப்பை நோட்டில் குறித்தேன். தட்டல் ஏழு. டொக் ஆறு.

மறுபடி நினைத்துப் பார்த்தேன். ஏழு, ஆறு. சட்டைக்குள் கைவிட்டுத் தடவினேன்; எட்டவில்லை. மூச்சு இழுத்தபோது தோளுக்குக் கீழே சுரீர் என்றது. அதற்குக் கீழே நுரையீரல். அந்த அம்மாவின் கிளினிக்குக்கு மூன்று முறை போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை.

"ஒரு ஊசி உள்ளயே நின்னுபோச்சு போல," என்றேன் மனைவியிடம்.

"இன்னா பேசுறீங்க? படுத்துகினு அதையா எண்ணிகினு இருந்தீங்க? அது இன்னா உங்க கெடங்கு போல்ட்டா?" என்றாள். ஆனால் அவள் கையும் என் முதுகுக்குப் போயிற்று. பாகாலாவில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைப் பிடித்தோம். நான் சீட்டில் சாயவில்லை. குழியில் பஸ் இறங்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

நோட்டைக் காட்டிக் கணக்கைச் சொன்னபோது அந்த அம்மா சிரிக்கவில்லை. மறுபடி படுக்க வைத்து, ஒவ்வொரு இடமாக விரலால் அழுத்தினார். பிறகு என் பெயர் எழுதிய தட்டைக் கொண்டுவந்து காட்டினார். பிரித்த ஊசி உறைகள் ஆறு இருந்தன.

"மூணாவது எடத்துல டியூப் நழுவிச்சு சார். ஊசி சரியா எறங்கல. அதையே திரும்பத் தட்டுனேன். ஏம் காது, ஒண்ணும் ஆகாது." புது ஊசி ஒன்றைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தார். "பாருங்க, பின்னாடி புடி எவ்ளோ தடிமனா இருக்கு. இது உள்ள பூந்துடுமா? மூச்சு வாங்குனா மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மத்தபடி ரெண்டு நாள் வலி இருக்கும்."

"கேட்டுகினீங்களா?" என்றாள் மனைவி. "அவங்க வேலைய அவங்க பாத்துக்குவாங்க."

கேட்டுக்கொண்டேன். உறைகளை நானும் இருமுறை எண்ணினேன். ஆனால் பஸ் பாகாலா தாண்டும்போது இன்னொன்று தோன்றியது: பிடி வெளியே வந்து, முனை மட்டும் ஒடிந்திருந்தால்? உருவிய ஊசிகளை நான் பார்க்கவில்லையே. அதை மனைவியிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, மணிக்கு ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். எதுவும் மாறவில்லை.

மறுநாள் ஐந்து பத்துக்குக் கண் விழித்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, வலது கையை மெதுவாகத் தலைக்கு மேல் தூக்கினேன். காதைத் தொட்டது. தசை கனத்தது, குத்தவில்லை. இருந்தாலும் மனைவியை எழுப்பி, விளக்கைப் போட்டு, ஆறு இடத்தையும் அழுத்திப் பார்க்கச் சொன்னேன்.