அப்பாவின் காலடியில் ஒரு ஊஃபர்

என் அப்பாவை நாற்காலியில் முடக்கிப் போட்டது சர்க்கரை நோய் அல்ல. நான்தான்! கைப்பேசியில் ஒரு விரலை நகர்த்தி அதைச் செய்தேன்.

முகம் சுளிக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

கோலார் தங்கச் சுரங்கப் பகுதியான சாம்பியன் ரீப்ஸில், சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய லைன் வீடு எங்களுடையது. அப்பா சுரங்கத்தில் பாறை துளைத்தவர். அந்த இரைச்சல் அவருடைய காதைத் தின்றுவிட்டது. பக்கத்தில் நின்று கத்தினால் பாதி கேட்கும். மீதியை வாயசைவில் பிடித்துக்கொள்வார். ஆனால் கால்! பாறை வெடித்துச் சரியப்போவதை, மற்றவர்களுக்குச் சத்தம் கேட்பதற்கு முன்பே, பூட்ஸுக்குள் இருக்கும் பாதத்தால் அறிந்துவிடுவாராம். அவர் பிடித்துத் தள்ளியதால் பிழைத்தவர்கள் இன்னும் எங்கள் லைனில் இருக்கிறார்கள். காதை விட்டுவிட்டுக் காலை நம்பி வாழ்ந்த மனிதர்.

பெங்களூரிலிருக்கும் அக்கா ஒரு பாட்டுப் பெட்டி அனுப்பினாள். இணையத்திலிருந்து பாட்டை எடுத்துப் பாடும் ஸ்பீக்கர். கூடவே மேளத்தையும் தாளத்தையும் அதிரவைக்க, வயர் இல்லாத ஊஃபர் என்று தனியாக ஒரு பெட்டி. அனுப்பியது அவள். பொருத்தியது யார்? நான்! ஊஃபர் லேசில் இணையவில்லை. பின்புறப் பொத்தானை அமுக்கிப் பிடித்து, விளக்கு சிமிட்டும்வரை காத்திருந்து, வைஃபையை அணைத்துப் போட்டு, செயலியை அழித்து மறுபடி ஏற்றி... ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தரையில் மண்டியிட்டுக் கிடந்தேன். கடைசியில் விளக்கு சிமிட்டாமல் எரிந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் பாதங்களை ஊஃபரின் மேல் வைத்தார். மேளம் அதிர்ந்தது. பல வருடங்களுக்குப் பிறகு அவர் பாட்டுக் கேட்டார், காலால். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

வந்தவர் போனவரிடமெல்லாம் "எம் பொண்ணு அனுப்பிச்சா" என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு வயிறு எரிந்தது. இன்சுலின் போடுவது யார்? கோலார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வரிசையில் நிற்பது யார்? கால் நகம் வெட்டுவது யார்? அவள் வீடியோவில் வந்து சிரித்துவிட்டுப் போவாள். அதற்கே அப்பாவுக்கு அன்று முழுவதும் திருவிழா!

ஒரு மாலை, அவருடன் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவர் வந்திருந்தார். பையன் என்ன செய்கிறான் என்று சத்தம் போட்டுக் கேட்டார். நான் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்கிறவன். அப்பா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"இன்னா பண்றான்? நாள் பூரா பொட்டி முன்னால குந்திகினு கீறான். வூட்டத் தாங்கறது எம் பொண்ணுதான்."

மறுநாள் கைப்பேசியில் அந்தச் செயலியைத் திறந்தேன். ஊஃபரை மட்டும் ஊமையாக்க அதில் ஒரு பொத்தான் உண்டு. தள்ளினேன். ஸ்பீக்கர் பாடும், ஊஃபரின் விளக்கு எரியும், அதிர்வு மட்டும் வராது. வயர் என்று ஒன்று இருந்திருந்தால் அப்பா இழுத்தாவது பார்த்திருப்பார்.

கெஞ்சட்டும் என்று நினைத்தேன். என்ன ஆச்சு பாருடா என்று என்னிடம் வரட்டும், நான் இல்லாமல் ஆகாது என்று தெரியட்டும்... அவ்வளவுதான் என் கணக்கு.

அப்பா பாதங்களை வைத்தார். நகர்த்தி வைத்தார். குனிந்து விளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, பாட்டு ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்று தலையாட்டினேன். பொய்கூட இல்லை, பாருங்கள்! ஸ்பீக்கர் பாடிக்கொண்டுதானே இருந்தது!

அவர் பெட்டியைச் சந்தேகிக்கவில்லை. என்னையும் சந்தேகிக்கவில்லை. தன் கால்களைச் சந்தேகித்தார்.

சர்க்கரை முற்றினால் பாதத்துக்கு முதலில் அதிர்வு தெரியாமல் போகும், பிறகு முழுக்க மரத்துப்போகும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். அடுத்த லைனில் ஒருவருக்கு அப்படித்தான் மரத்து, நடக்கையில் கல் குத்தியது தெரியாமல் புண்ணாகி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தினமும் காலையில் ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்துபோய்ப் பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்துவிட்டு வருகிற அப்பா, மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. பிறகு என்னை அழைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கால் செத்துப் போச்சுடா. அக்காக்குச் சொல்லாத. ஆஸ்பத்திரிக்குப் போனா வெட்டிடுவாங்க. உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

அந்த நொடியில் நான் பொத்தானைத் திருப்பித் தள்ளியிருக்க வேண்டும். ஏன் தள்ளவில்லை? பயமா? வெட்கமா? இரண்டும் இல்லை... எனக்கு அது இனித்தது! 'உங்கிட்ட மட்டும்' என்றாரே, அது இனித்தது. என் தோளைப் பிடித்துக் குளியலறைக்குப் போனார். மாலையில் நான் எண்ணெய் தேய்த்துக் கால் பிடித்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா அழைத்தால் இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டு என்னைத் தேடினார். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார், நானும் வற்புறுத்தவில்லை. மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. நான் எப்பேர்ப்பட்ட பாவி என்று இப்போதாவது புரிகிறதா உங்களுக்கு?

ஒருநாள் தனியாக எழுந்திருக்கப் பார்த்து விழுந்தார். தூக்கும்போதுதான் கவனித்தேன், கெண்டைக்கால் சதையே இல்லை. உட்கார்ந்து உட்கார்ந்தே கரைந்திருந்தது. நாற்காலியில் உட்காரவைத்து, பாட்டைப் போட்டு, பொத்தானைப் பழையபடி தள்ளிவிட்டு, அவர் பாதங்களை எடுத்து ஊஃபரின் மேல் வைத்தேன்.

அப்பா அழுதார். "வருதுடா... வருது..." என்று என் தலையைத் தடவினார்.

உணர்ச்சி வந்தது. நடை வரவில்லை. எழுப்பி நிறுத்தினால் முழங்கால் மடிகிறது; பிடித்துக்கொண்டாலும் வாசலைத் தாண்ட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனபோது, காலம் கடந்துவிட்டது, வயசும் ஆகிவிட்டது, இனி கஷ்டம் என்றார் டாக்டர். ஸ்டேஷனில் அந்தக் கிழவர்கள் அவர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உணர்ச்சி வந்த அன்றே வீடியோவில் அக்காவிடம் அப்பா சொன்னார்: "நீ பாட்டுப் பொட்டி குடுத்த. இவன் எனக்குக் காலக் குடுத்தான்."

பிறந்ததிலிருந்து நான் ஏங்கிய சொல்! அதைக் கேட்டபோது எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. ஏன் என்னை இப்படி நம்பினீர்கள்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்ன செய்தாய் என்று என் சட்டையைப் பிடித்திருக்கக் கூடாதா? அடுத்த நிமிடமே என் முகத்தில் நானே காறி உமிழ வேண்டும்போல் இருந்தது. அவரிடம் சொல்ல வாயெடுத்து விழுங்கியது எத்தனை முறையோ... சொன்னால் என் பாரம் இறங்கும். பற்றிக்கொள்ள அவருக்கு இருக்கும் ஒரே தோளும் போய்விடும். இது நியாயமா, சாக்கா? எனக்கே தெரியவில்லை.

நேற்றும் ஒருவர் வந்தார். நான் தினமும் எண்ணெய் தேய்த்ததில்தான் செத்த கால் பிழைத்தது என்று அப்பா அவரிடமும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.